எனக்கு நல்லா கேக்குது

என் கணவர் இன்று எதுவும் காதில் விழாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அவருடைய காது அல்ல. நான்.

நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நன்றாகத் திட்ட முடியும்.

போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில், விரல்நுனி அளவு ஸ்பீக்கர்களுக்கு ஒயர் பற்றவைப்பது என் வேலை. அந்த ஸ்பீக்கர் சூடு தாங்காது. ஒயர் நுனியில் முதலிலேயே ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். பிறகு சால்டரிங் அயர்னால் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஒட்டவில்லையா, ஆறவிட்டு மறுபடி தொட வேண்டும். அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு சுருங்கிவிடும். அதன்பின் அது வெறும் குப்பை. புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அவர் ஓசூரில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி, வேலையை விட்டுவிட்டு, பாரூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்துக்கே வந்துவிட்டார். சட்டைப்பையில் ஒரு காது மிஷின். அதிலிருந்து ஒயர் போய்க் காதுக்குள் ஒரு குமிழ். அதற்குள் இருப்பதும் அதே மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர்தான். அது வேலை செய்தவரை அவரிடம் குறையே தெரியாது. பால் சொசைட்டியில் தமிழில் ஒரு வம்பு, பக்கத்து வயல் முனியப்பண்ணனோடு தெலுங்கில் ஒரு வம்பு. சேலத்தில் படிக்கும் மகள் அழைத்தால், வாங்கிய போனைத் திருப்பித் தரவே மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒயர் குமிழின் அடியிலேயே அறுந்தது. என் கொழுந்தன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்த நாள். "கடைக்கெல்லாம் எதுக்குடா? உங்க அண்ணி கை பட்டா செத்த ஸ்பீக்கரும் பேசும்" என்று தம்பியிடம் பெருமையடித்தார்.

அடுப்பில் கறி. வீட்டில் இருந்ததோ சூட்டைக் குறைக்க வழியில்லாத சாதாரண அயர்ன். ஒயரைச் சுரண்டி ஈயம் பூசப் பொறுமை இல்லை. ஒட்டவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள்... அழுத்திப் பிடித்தேன். கம்பெனியில் வேறு பெண் அப்படிச் செய்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் வந்தது. சவ்வு சுருங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூடி ஒட்டினேன்.

அவர் காதில் வைத்தார். "ஒண்ணும் கேக்கலையே, லதா" என்றார். கொழுந்தன் என்னைப் பார்த்தான்.

வாங்கி என் காதில் வைத்தேன். வெறும் கரகரப்பு. "எனக்கு நல்லா கேக்குதுங்க" என்று கையை ஆட்டி உரக்கச் சொன்னேன். "மிஷின்ல ஒண்ணுமில்ல. உங்க காதுதான் முழுசா போயிட்டாப்பல இருக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன்? கறி ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட உட்கார வேண்டும் என்றா? கொழுந்தன் முன்னால் தலை குனியக் கூடாது என்றா? இரண்டாவதுதான். எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் இரண்டாவதுதான்.

அவர் சண்டை போட்டிருக்கலாம். நம்பினார். "நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதன்பின் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு யாரிடமும் நிற்காமல் திரும்பிவிடுகிறார். மகள் அழைத்தால், "நீயே பேசு" என்று எழுந்து போய்விடுகிறார். அப்பா சாப்பிட்டாரா என்று அவள் என்னிடம் விசாரிக்கிறாள்.

புது மிஷின் வாங்கித் தரலாமே என்பீர்கள். வாங்கலாம்தான். வைத்ததும் அவருக்குக் கேட்டுவிடும்... கேட்டால், கெட்டது எது என்று தெரிந்துவிடும். "காதே போச்சு, மிஷின் எதுக்கு?" என்று அவர் மறுத்தபோது நான் வற்புறுத்தவில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா!

இதோடு நின்றிருந்தால்கூட... போன மாதம் முனியப்பண்ணனுக்கும் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. "நல்ல மிஷின். எனக்குத்தான் உதவல, அவுருக்காச்சும் ஆவட்டும்" என்று இவர் அதைத் துடைத்து, புது பேட்டரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். தடுக்க வாயெடுத்தேன். என்ன சொல்லித் தடுப்பது?

முனியப்பண்ணனுக்கும் கேட்கவில்லை. தனக்கும் இப்படித்தான் ஆயிற்று என்று இவர் உரக்கச் சொல்லி, தோளைத் தட்டித் தேற்றிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் முனியப்பண்ணனின் மனைவி கோவிந்தம்மாக்கா மிஷினோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ ஸ்பீக்கர் வேலதானே பாக்கற லதா. ஒரு தடவ பாத்துச் சொல்லு. மிஷின் கோளாறா, இல்ல அவுரு காதே போயிடுச்சா?"

என் கணவர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. இரண்டு ஆண்களுக்கும் காது திரும்பக் கிடைத்திருக்கும்...

"மிஷின் நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றேன்.

அக்கா மிஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போயி காட்டலாம்னு இருந்தேன். காதே போயிடுச்சுன்னா டாக்டரு மட்டும் இன்னா பண்ணுவாரு? வுட்டுடறேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். முதலில் கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அது கிளம்பிப் போயிற்று.

இன்றுவரை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னதால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு அவர்களைத் தெரியாது. அதனால்தான் சொன்னேன்.