புழு இல்லாத தவளை

மழை பெய்த மறுநாள் காலையில், சமயநல்லூர் ரோட்டோரமாக அவர் குனிந்து குனிந்து நடந்து வருவார். குட்டையான உருவம். சேலைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ், கையில் டிபன் கேரியர். காலேஜில் விலங்கியல் நடத்துகிறவர். லாரியில் அடிபட்டுச் செத்த தவளைகளையும் தேரைகளையும் பொறுக்குவார். உயிரோடு இருப்பதைத் தொட மாட்டார். என் வயலில் இருக்கிற மோட்டார் ரூம் தொட்டிச் சுவர்மேல் வைத்து அறுத்து, உள்ளே புழு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவார்.

ஒருநாள் என் வயலோரம் கிடந்தவற்றை அறுத்தார். குடலிலும் இல்லை, நுரையீரலிலும் இல்லை.

"பாத்தீங்களாம்மா, நம்ம வயல் அம்புட்டுச் சுத்தம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்க நத்தை கெடக்காண்ணே?"

"பயிரைத் திங்குதுன்னு மருந்தடிச்சு ஒழிச்சாச்சு."

"தவளைக்குள்ள இருக்குற புழுவுல பாதி நத்தைக்குள்ள வளந்துதான் தவளைக்கு வரும். புழு இருந்தாத்தான் வயல்ல எல்லாம் உசுரோட இருக்குன்னு அர்த்தம். இது சுத்தமில்லண்ணே, காலி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விவசாயம் பாக்குறது நானா, நீங்களா?"

"நீங்கதாண்ணே. தவளையப் பாக்குறது நான்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவினார்.

இந்த ஐப்பசி மழைக்கும் வந்தார். என் வயல் நீளத்துக்கு இருவரும் நடந்தோம். ரோட்டில் ஒரு தவளைகூட அடிபட்டுக் கிடக்கவில்லை; வயலுக்குள்ளிருந்தும் ஒரு தவளைச் சத்தம் இல்லை. அது நல்லதுதானே என்று கேட்க வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.