நாலு ஆக்னஸும் ஒரு மோனிக்காவும்

போன ஞாயிறு எங்கள் பெங்களூரு விவேக் நகர் கோயிலில் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் சடங்கு. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

உறுதிப்பூசுதலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புனிதரின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஷீலா, 'ஆக்னஸ்' என்றாள். ஏன் ஆக்னஸ் என்று கேட்டேன். அவளுடைய செட்டில் ஐந்து பெண்கள், ஐந்து பேருக்கும் ஆக்னஸ்தானாம்! அந்தப் புனிதரைப் பற்றி ஒரு வரி சொல் என்றால் முழிக்கிறாள்.

"எல்லாரும் ஒண்ணா டிசைட் பண்ணிட்டோம் மம்மி. நான் மட்டும் வேற பேர் வெச்சா லஞ்சுக்குக்கூட சேத்துக்க மாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹேர்பேண்டு ஒரே மாதிரி, பேனா ஒரே மாதிரி, இப்போது பெயருமா? சுயபுத்தி என்று ஒன்று வேண்டாமா? அழுதாள்... நான் மசியவில்லை. ஃபார்மில் 'மோனிக்கா' என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பூசை முடிந்தது. நாலு ஆக்னஸும் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் மோனிக்கா மெழுகுவர்த்தியோடு தூண் பக்கத்தில் நின்றாள். ஒருத்தியாவது கூப்பிட்டிருக்கலாம் இல்லையா? இதற்குப் பெயர் நட்பா?

அந்த நாலு பேரையும் திட்டுவதற்காகக் கிளம்பினேன். அதற்குள் எங்கள் கோயில் மாதர் சங்கத் தலைவி போட்டோவுக்குக் கூப்பிட்டார். நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் மாம்பழ மஞ்சளில் ஒரே புடவை. எனக்கு மஞ்சள் ஆகவே ஆகாது. ஆனாலும் சங்கத்தில் முடிவு செய்தால் கட்டத்தானே வேண்டும்?

சங்கத்தில் இன்னொருத்தியான ஸ்டெல்லா மட்டும் பச்சைப் புடவையில் வந்திருந்தாள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் வேலை, புடவை முடிவு செய்த கூட்டத்துக்கு வர முடியவில்லை. நாங்களும் சொல்லி அனுப்பவில்லை.

"ஸ்டெல்லா, நீ அடுத்த போட்டோவுல நின்னுக்கோ" என்றார் தலைவி. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அடுத்த போட்டோ எடுக்கவே இல்லை. நான் முன் வரிசையில் நின்றிருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது அந்த நாலு பெண்களையும் வறுத்தெடுத்தேன்.  ஷீலா மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்டெல்லா ஆன்ட்டி எந்தத் தூண் பக்கத்துல நின்னாங்கன்னு பாத்தீங்களா மம்மி? என் பக்கத்துலதான்."

ஸ்டெல்லாவைப் பார்த்துப் பேச இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாலு பெண்கள் மேல் இருக்கிற கோபம் மட்டும்... அப்படியே இருக்கிறது!