திருச்சி அட்டையும் உள்ளூர் அட்டையும்

“…திருச்சியில இதே மாத்திரை பாதி வெலகூட இல்லண்ணே. உங்க கடையில மட்டும் தங்கமுலாம் பூசியா விக்கிறீங்க?” என்று மருந்துச் சீட்டை ஆட்டிக்கொண்டே கேட்டார் சரோஜா அக்கா.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஃபார்மசியில் கவுண்டர் வேலை. எல்லா நாட்டு விலையும் அங்கே வந்துதான் சண்டை போடும். மேடானிலிருந்து வரும் இந்தோனேசியர்கள் எங்கள் விலை மலிவென்று பை நிறைய வாங்குவார்கள். நம் சனங்கள் இந்தியாவைக் கொண்டுவந்து கவுண்டரில் வைப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அக்காவுக்கு சுங்கை பினாங்கில் வீடு. கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை.

“அப்ப அங்கேருந்தே வாங்கிக்கலாமேக்கா” என்றேன், கொஞ்சம் குத்தலாக.

“தம்பி கொண்டாறான். மச்சினிச்சிக்கு வளைகாப்புன்னு டிக்கெட்ட தள்ளிப் போட்டுட்டான்.”

“வீட்டுல எத்தனை பாக்கி?”

“ஞாயித்துக்கெழமையே தீந்துபோச்சு. சும்மா வெல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவரு வெளிய காடியில இருக்காரு.”

அன்று வியாழக்கிழமை. உள்ளே இருந்த மருந்தாளர் மிஸ் லிம் எழுந்தே வந்துவிட்டார். “ஸ்டென்ட் வெச்சா நிப்பாட்ட கூடாது லா, அக்கா. அடைச்சிக்கும்” என்றார். அவருடைய தமிழ் முழுக்கக் கவுண்டரில் கற்றது. டாக்டருக்குப் போன் போட்டார். உடனே ஒரு மாத்திரை கொடுத்து, நேராக மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொன்னார் டாக்டர்.

நான் வேறொரு பெட்டியை எடுத்து வைத்தேன். விலை, திருச்சியைவிடக் கொஞ்சம்தான் கூட.

“இது என்னாண்ணே?”

“உள்ளூர்ல செஞ்சது.”

“லோக்கலா? வேணாம். ஹார்ட்டு விசயம். திருச்சி ஒரிஜினல்தான் அவருக்குச் சரிப்படும்.”

பையிலிருந்து காலி அட்டையை எடுத்துக் காட்டினார். அதை உள்ளூர் அட்டைக்கும், அவர் விலை கேட்ட அட்டைக்கும் நடுவில் வைத்தேன். பெரிய எழுத்தில் மூன்று பெயர்கள். கீழே பொடி எழுத்தில் மூன்றிலும் ஒரே மருந்தின் பெயர்.

“மருந்த மொதல்ல கண்டுபிடிச்ச கம்பெனியோடது நீங்க வெல கேட்ட இது ஒண்ணுதான்கா. மத்த ரெண்டும் அதப் பார்த்துச் செஞ்சது. அங்கத்து காப்பிய இங்கத்து ஒரிஜினலோட வெலை பேசுறீங்க.”

அக்கா மூன்றையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

“அப்ப என் தம்பி இத்தன நாளா லோக்கல் மருந்தையா பிளேன்ல ஏத்திக்கிட்டு வந்தான்?”

“திருச்சிக்கு அது லோக்கல்தான்.”

அதற்குப் பிறகு யார் வெளிநாட்டு விலை சொன்னாலும் நான் உடனே வாதாடியதில்லை. வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று முதலில் கேட்பேன். எந்த மருந்து என்று அடுத்துக் கேட்பேன். விலைப் பேச்சு அதற்கப்புறம்தான். இன்று கடைப்பக்கம் போனால், கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கும் அந்த வரிசையையே சொல்கிறேன்.

அக்கா உள்ளூர்ப் பெட்டிக்குக் காசைக் கொடுத்தார். கவுண்டரிலேயே அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்தார். மிஸ் லிம் கொடுத்த தண்ணீரோடு வெளியே போய், காரின் கண்ணாடியைத் தட்டி, “வாயத் தொறங்க” என்றார்.