குத்தாத காது

ரத்தம் உறையாத பிள்ளைக்கு அம்மாவாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் தெருவுக்குப் பத்துப் பேர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு வியர்த்துவிடும். என்னைப் போல மாட்டிக்கொண்ட அம்மாக்கள் எங்கேயாவது இருப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

டப்பா காலி

என் மகன் சேகர் நடக்கப் பழகியபோது தறிக்கட்டையில் மோதி உதட்டைக் கடித்துக்கொண்டான். சின்னக் கீறல். மறுநாளும் ஒழுகியது. அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டில் மஞ்சள் கொண்டுவந்தார்கள், பின்வீட்டில் சுண்ணாம்பு. எதிர்வீட்டு அக்கா என் டப்பாவிலிருந்தே காப்பித்தூளை அள்ளி அள்ளி அப்பினாள். அந்தத் தூளில் சின்ன காஞ்சிபுரத்துக்கே டிகாஷன் இறக்கியிருக்கலாம். நாலாம் நாள் நனைந்த துணியைக் காட்டினேன். அக்கா டப்பாவை மோந்து பார்த்தாள்.

"இதுல சிக்கரி கலந்திருக்குது. அப்புறம் ரத்தம் எப்படிம்மா நிக்கும்?"

யார் வீட்டு ரத்தம்

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தைக் கட்டியாக்கும் சத்து ஒன்று இவனுக்குப் பிறவியிலேயே குறைவு. அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. அடிபடக் கூடாது, சதையில் ஊசி குத்தக் கூடாது, நிற்காமல் போனால் வேறொருவர் ரத்தம் ஏற்ற வேண்டும். "உனக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்றார். "தம்பி ஒருத்தன். காய்ச்சல்ல போயிட்டான்" என்றேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் அது. நாக்கில் அப்படியே படிந்துவிட்டது.

கூட வந்த என் மாமியார், ஊர் திரும்பும் பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியதும் முன் சீட்டுக்காரியிடம் ஆரம்பித்தார்:

"மூக்கு எங்க வீட்டுது, முழி எங்க வீட்டுது. ரத்தம் மட்டும் மருமக கொண்டாந்ததாம். சீர் வரிசையில இதை யாரும் சொல்லலையேம்மா!"

வீரர்

ஐந்து வயதில் சேகருக்கு முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் எங்கள் குடும்பத்தின் ஒரே வீரர். "இந்தப் பிள்ளைக்கு என் உயிரையே குடுப்பேன்" என்று எத்தனையோ பந்தியில் சொன்னவர். உயிர் வேண்டாம், ஒரு பாட்டில் போதும் என்று என் வீட்டுக்காரர் போய் நின்றார். கடைசியில் என் வீட்டுக்காரரேதான் கொடுத்துவிட்டு மறுநாள் தறியில் உட்கார்ந்தார். வீரர் சொன்ன பதில் இது:

"தறியில முகூர்த்தப் புடவை இருக்குதுபா. நான் மயங்கி வுழுந்து கரை கோணலாச்சுன்னா, கல்யாணப் பொண்ணு பாவம் சும்மா வுடுமா?"

தாய்மாமன் மடி

ஆறு வயதில் காது குத்து. மாமியார் வேண்டிக்கொண்டது. டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "சதையிலதானே குத்த வேணாம்னாரு? காதுல ஏது சதை?" என்றார். நான் தாம்பாளம் துலக்கப் போனேன். கோயிலில் சொந்தமெல்லாம் தாம்பாளத்தோடு உட்கார்ந்துவிட்டது. தாய்மாமன் முறைக்குத் தென்னேரியிலிருந்து என் பெரியம்மா மகன் வந்து சேகரை மடியில் வைத்துக்கொண்டான். பத்தர் தங்கக் கம்பியை எடுத்துக்கொண்டே, "கூடப் பொறந்த மாமன் இல்லியாம்மா?" என்று சும்மா கேட்டார்.

"இருந்தான். அவனுக்கும் இப்படித்தான் மடியில உட்கார வெச்சுக் காது குத்தினாங்க. ஆறு நாள் ரத்தம் நிக்கலை, செத்துட்டான். காய்ச்சல்னு சொன்னது பொய்."

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெரியம்மா மகன் சேகரை மெல்ல மடியிலிருந்து இறக்கினான். இந்தப் பொய்யை வைத்துத்தானே இந்த வீட்டுக்கு வந்தேன், இனி இங்கே எனக்கு இடம் உண்டோ இல்லையோ என்று நின்றேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேரனைப் பார்த்தார். பிறகு பத்தரிடம், "அப்போ சாமிக்கு வேண்டிக்கினது?" என்றார். பத்தர் கம்பியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"அழுத்தி மாட்டற மாதிரி தோடு செஞ்சு தரேன்மா. சாமி என்ன, திருகாணியைத் திருகியா பார்க்கப் போவுது?"

உண்மையை ஒரு தடவை சொல்ல எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. "பேரனுக்குக் காது குத்தியாச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிவர மாமியாருக்கு அரை மணிகூட ஆகவில்லை.