நடவுக்குப் பட்டுச் சேலை

அம்சத்தோடு செய்தி எடுக்கப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். நாகப்பட்டினம் வட்டாரத்தில் ஒரு தொலைக்காட்சிக்கு நிருபராக இருக்கிறாள் அவள். யாரிடம் பேட்டி கேட்கப் போனாலும் மைக்கை நீட்டுவதற்கு முன்னால், "முகம் கழுவிக்கிட்டு வர்றீங்களா? வேற ஏதாச்சும் கட்டிக்கணும்னாலும் கட்டிக்கிட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்பாள். உள்ளே போகிறவர்கள் லேசில் வெளியே வர மாட்டார்கள். ஒரு தடவை, மூழ்கிப்போன வயலைக் காட்ட வந்த பெரியவர் மீசைக்கு மை தீட்டிக்கொண்டு வந்து நின்றார். கேமராக்காரர் துரைராசு தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, இது வெள்ளச் செய்தியா, பொண்ணு பாக்குற விசேஷமா?"

அம்சம் சிரிப்பாளே தவிர யாரையும் அவசரப்படுத்த மாட்டாள்.

இது கல்லூரியில் படித்த பாடம் இல்லை. அங்கே சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர்.

தஞ்சாவூரில் அவள் விஸ்காம் படித்த காலம் அது. வீட்டுக்கு வீடு அரசாங்கம் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்தது. கீழவிளாகத்தில் அவர்கள் தெருவிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அம்சம்தான். அம்மா நீலாம்பாளிடம் யாராவது, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "டிவிக்கு உள்ள இருக்குற படிப்பு" என்பாள். கேட்டவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஆவணப்படப் பாடம் எடுத்தவர் தியாகேசன் சார். நல்லவர், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. "ஒருத்தரையும் நடிக்க விடக் கூடாது. அவங்க எப்படி இருக்காங்களோ அப்படி எடுங்க. வேஷம் கட்டின படம்னு தெரிஞ்சுது, அந்த இடத்துலயே நிறுத்திடுவேன்." சொன்னபடி செய்தும் இருந்தார். முந்தின வருடம், மீனவர்களைக் கெஞ்சிக் காலி வலையைக் கரைக்கு இழுக்க வைத்துப் படம் எடுத்த பையன்களைப் பெயிலாக்கிவிட்டார். அம்சத்துக்கும் அந்தப் பயம் இருந்தது. சென்னையில் ஒரு சேனலில் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வருடப் படம் தேறவில்லை என்றால் பட்டமும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

அவள் எடுத்துக்கொண்டது தன் ஊர் வயலைத்தான். அந்த வயலுக்கு ஒரு கதை இருந்தது. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, நில உச்சவரம்புக்கு மேல் என்று மிராசுதார் குடும்பத்திடமிருந்து அரசாங்கம் எடுத்த நிலம் அது. அதில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். மிராசு வீட்டார் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். பட்டா இவர்கள் பெட்டியில், நிலம் அவர்கள் கையில். ஆட்சி மாறும், கொடி மாறும், மேடையில் பேச்சும் கொஞ்சம் மாறும். வழக்கு மட்டும் வாய்தா வாய்தா என்று நகர்ந்துகொண்டே இருந்தது. அம்சத்தின் அப்பா மருதையன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போய் வந்தார். அவர் காலமான மறு வருடம் தீர்ப்பு வந்தது, இவர்கள் பக்கம். அவர் பங்குக்கான பட்டா நீலாம்பாள் பேருக்கு மாறியது.

ஆனால் வயல் வெறுமையாகக் கிடந்தால் எதிராளி மேல்முறையீட்டில், நிலம் இன்னும் எங்கள் கையில்தான் என்று அனுபவப் பாத்தியதை பேசுவான் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நட்டுவிட வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அந்த முதல் நடவைத்தான் அம்சம் படம் எடுக்க வந்தாள். ஒலிப்பதிவுக்கு நாகூரிலிருந்து வகுப்புத் தோழி ஆயிஷா வந்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்சம் தோழியிடம் புலம்பினாள். "எல்லாரும் எப்பவும்போல இருந்துட்டா போதும். சேறும் சகதியுமா. அப்பதான் சார் பாஸ் போடுவாரு." நீலாம்பாள் குழம்பு ஊற்றியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் அம்சம் வரப்பில் கேமராவை வைத்து, டேப் ஓடுகிறதா, பேட்டரி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறடித்த வயலில் கட்டுக் கட்டாக நாற்று முடிகள் அங்கங்கே வீசிக் கிடந்தன. அப்போது ஆயிஷா அவள் தோளைத் தட்டினாள்.

"அம்சம், அங்க வர்றது நடவாளுங்களா, கல்யாண கோஷ்டியா?"

வாய்க்கால் கரையில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அரக்குப் பட்டு, ஜரிகை போட்ட பச்சை, யாரோ ஒருத்தியின் சீமந்தப் புடவை. தலை நிறையக் கனகாம்பரம். பவுடர் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. முன்னால் வந்தவள் பொன்னுத்தாய், நடவுக் குழுவுக்குத் தலைவி, அம்சத்துக்கு அத்தை முறை.

அம்சம் கேமராவை அப்படியே வரப்பில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

"அத்தே, என்ன இது? இப்படியா நடவுக்கு வருவாங்க? எல்லாரும் போயி மாத்திக்கிட்டு வாங்க, சீக்கிரம்."

"ஏண்டி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் கெட்டுப்போச்சு. எப்பவும் கட்டுறதைக் கட்டிக்கிட்டு வாங்க. நிஜமா இருக்கணும்."

"இது என்ன, பொய்ச் சேலையா? என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது, கும்பகோணத்துல."

பின்னால் சிரிப்பு எழுந்தது. அம்சத்துக்கு எரிச்சலில் குரல் உயர்ந்தது. "சொன்னா கேளுங்க. எனக்கு மார்க்கு போயிரும்."

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்தா பாரு. இந்த நெலத்துக்காகத் தாலுகா ஆபீசு வாசல்ல நாங்க உக்காந்திருந்தப்ப ஒரு பேப்பர்காரன் வந்தான். கொஞ்சம் அழுவுங்கன்னான். அழுகை வரலை தம்பின்னேன். பக்கத்துல ஒரு கிழவி கொட்டாவி விட்டா. அதைப் படம் புடிச்சு, கதறி அழும் மூதாட்டின்னு போட்டுட்டான். அவ பேரன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். எங்களைச் சேத்தோட எடுத்தவன் நெறைய பேரு. சேறு நாளைக்கும் இருக்கும். எங்க வயல்ல நாங்க எறங்குற மொத நாளு நாளைக்கு வராது. எடுக்குறதுன்னா இப்படியே எடு. இல்லைன்னா மூட்டையக் கட்டு."

"மார்க்கு நான் போடுறேன், போ," என்றாள் இன்னொருத்தி.

அம்சம் கேமரா பக்கம் திரும்பியபோதுதான் அம்மா வருவதைப் பார்த்தாள். பூ இல்லை, ஜரிகை இல்லை. பழைய நூல் சேலை, அதற்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை. வெயிலுக்கும் கையைக் கீறும் பயிர்த் தாளுக்கும் நடவாட்கள் வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வது அங்கே வழக்கம்தான். ஆனால் இன்றைக்கு, இத்தனை பட்டுக்கு நடுவே, அம்மா மட்டும். நேற்றுக் குழம்பு ஊற்றியபோது கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, மகளுக்கு மார்க்கு கிடைக்கட்டும் என்று இப்படி வந்திருக்கிறாள். அம்சம் வரப்பில் ஓடிப் போய் வழி மறித்தாள்.

"அம்மா, நீயும் போயி நல்லதா ஒண்ணு கட்டிக்கிட்டு வா. மார்க்கு போனா போவுது."

"எதுக்கு?"

"எல்லாரும் பட்டுல நிக்கிறாங்க. நீ மட்டும் இந்தக் கந்தல் சட்டையோட..."

"கந்தலா? கிட்ட வந்து பாரு."

வெள்ளைச் சட்டை. நீலம் போட்டு அலசி, இஸ்திரி வைத்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. அம்சத்துக்கு அது எந்தச் சட்டை என்று தெரிந்துவிட்டது. அப்பா அதை வேறு எதற்கும் போட மாட்டார். கல்யாணம் காட்சிக்குக்கூட இல்லை. வாய்தாவுக்கு மட்டும்தான்.

"இதைப் போட்டுக்கிட்டு எத்தனை தடவை பஸ் ஏறினாரு," என்றாள் நீலாம்பாள். "இந்த வயல்ல ஒரு தடவை எறங்கணும்னுதானே. எறங்கட்டும்."

அம்சம் வழியை விட்டு விலகி நின்றாள்.

"ஆத்தாளும் மகளும் பேசி முடிங்க, நாத்து வாடுது," என்று வயலோரத்திலிருந்து பொன்னுத்தாய் கத்தினாள். "நீலா, மொத முடிய நீ எடு."

நீலாம்பாள் தயங்கினாள். "நான் எதுக்கு? தாலி உள்ளவ யாராச்சும் எடுங்க."

"பட்டாவுல யாரு பேரு போட்டிருக்கு, தாலி பேரா? எடுடி."

நீலாம்பாள் சேற்றில் இறங்கினாள். குனிந்து முதல் முடியைப் பிரித்தாள். யாரோ குலவை போட, மற்றவர்கள் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெள்ளைச் சட்டையின் கை, முழங்கை வரை கறுத்தது. அம்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேமராவை எடுத்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் வயல் பாதிக்கு மேல் பச்சையாகிவிட்டது.

கல்லூரியில் படத்தைப் போட்டுக்காட்டிய அன்று, அரக்குப் பட்டு சேற்றில் இறங்கியதுமே வகுப்பு சிரித்தது. தியாகேசன் சார் கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா. இது என்ன, ஜவுளிக்கடை விளம்பரமா?"

"அவங்களாத்தான் சார் கட்டிக்கிட்டு வந்தாங்க. நான் சொல்லலை."

"நீ சொல்றதை நான் நம்பலாம். படம் பாக்குறவன் எப்படி நம்புவான்?"

சேனல், சென்னை எல்லாம் அம்சத்தின் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தன. பின் வரிசையிலிருந்து ஆயிஷா எழுந்தாள்.

"சார், வெட்டாத டேப் இருக்கு. அன்னிக்கு இவ கேமராவ நிறுத்த மறந்துட்டா. என் மைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, நானும் இவ பின்னாலயே போனேன்."

அம்சம் திரும்பி அவளை முறைத்தாள். அந்தப் பகுதியைப் படத்திலிருந்து நீக்கியதே அம்சம்தான். ஆயிஷா முறைப்பைச் சட்டை செய்யாமல் டேப்பைப் போட்டாள். திரையில் சாய்ந்த வரப்பு, கொஞ்சம் புல், ஒரு நண்டு. சத்தம் மட்டும் துல்லியமாக வந்தது. அம்சம் அதட்டுவது, கும்பகோணத்துப் புடவை, கொட்டாவி விட்ட கிழவி. வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. பிறகு நீலாம்பாளின் குரல் வந்தது. அது முடிந்த பிறகு யாரும் விளக்கைப் போடவில்லை. நண்டு வளைக்குள் போய்விட்டது.

"இதை ஏம்மா வெட்டிட்ட?"

"என் குரல் அசிங்கமா இருக்கு சார். அவங்களையெல்லாம் விரட்டுற மாதிரி. அம்மாவைக்கூட."

"இது இல்லாம உன் படம் விளம்பரம்தான். சேத்துக் கொண்டா, பாஸ் போடுறேன். இஷ்டமில்லைன்னா வேணாம்."

எடிட்டிங் அறையில் அம்சம் அந்த டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பாஸ் ஆவது ஒரு பக்கம். இந்தப் படம் ஊருக்கும் போகும். தான் அவர்களை என்ன சொல்லி விரட்டினோம் என்பதைத் தெருவே உட்கார்ந்து கேட்கும். கடைசியில் நண்டிலிருந்து ஆரம்பித்து முழுசாகச் சேர்த்தாள்.

ஊரில் நீலாம்பாள் வீட்டு டிவி முன்னால் இடமில்லை. வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். அம்சம் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நடவைப் பார்த்து ஒருத்தர் புடவையை ஒருத்தர் குறை சொல்லிச் சிரித்தவர்கள், சண்டை வந்ததும் அடங்கிவிட்டார்கள். டிவிக்குள்ளிருந்து அம்சத்தின் குரல் கூரையில் மோதியது. கந்தல் சட்டை என்று அது சொன்னதும், பொன்னுத்தாய் திரும்பி அடுப்படியைப் பார்த்தாள்.

"பெத்தவளைப் போயி இப்படியா அதட்டுவ?"

அம்சத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீலாம்பாள் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவே இல்லை.

"எம் பொண்ணு என்னை அதட்டாம, ஒன்னை வந்தா அதட்டுவா?" என்றாள். "சும்மா இரு, நான் என்ன பேசுறேன்னு கேப்போம்."