எஃபி வாந்தி எடுக்காத படகு

எங்கள் மீன்பிடித் துறையூரில் ஹெட்லி பார்டியைப் போல மீன் இருக்குமிடம் தெரிந்தவன் கிடையாது. அவனைப் போல முடிவெடுக்கத் தெரியாதவனும் கிடையாது. கடையில் இரண்டு நிறத்தில் காலுறை இருந்தால் ஒன்றுமே வாங்காமல் திரும்பி வருகிற ஜன்மம். புதுப் படகுக்கு எந்த மாதிரி அடிப்பாகம் வைப்பது என்று மட்டும் ஏழு வருஷம் யோசித்தான்.

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் யாரும் காகிதத்தில் படம் போட்டுப் படகு கட்டுவதில்லை. பைன் கட்டையில் பாதிப் படகைச் சின்னதாகச் செதுக்கி, அதை அளந்து பெரிதாகக் கட்டுவோம். மற்றவர்களுக்கு ஒரு கட்டை போதும். ஹெட்லி பதினொன்று செதுக்கி அடுக்களைச் சுவரில் வரிசையாக மாட்டிவைத்திருந்தான். அவன் பெண்டாட்டி எஃபிக்குச் சட்டி மாட்ட ஓர் ஆணி மிச்சமில்லை.

எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் யோசனைக்கு முடிவு காலம் வந்தது. அவனோடு கடலுக்குப் போய்வந்த தம்பி கார்லண்ட், டொரொன்டோவில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினான். பழைய படகோ உளுத்துப்போய்விட்டது. வலை இழுக்க ஒருவர், சுக்கான் பிடித்துப் படகை ஓட்ட ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கூப்பிட்டால் வர வேறு ஆள் இல்லை.

"நான் வர்றேன்யா" என்றாள் எஃபி. "வலை இழுப்பேன், மீன் அறுப்பேன். ஆனா படகு ஆடுனா எனக்குக் குடலைப் பொரட்டும், அது ஒனக்கே தெரியும். என்னைப் பொரட்டாத படகாக் கட்டு. இல்லையா, ரெண்டு பேரும் ஒந்தம்பி பின்னாடியே டொரொன்டோவுக்குக் கெளம்புவோம்."

ஹெட்லி ஒரு கல்யாணத்துக்காக டொரொன்டோவுக்குப் போய் நான்கு நாள் இருந்திருக்கிறான். நான்கு நாளும் பெட்டியைத் திறக்கவே இல்லையாம். அங்கேயே குடியிருப்பது என்றதும் ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அவகாசமும் குறைவு. படகின் விலா எலும்புகளை இயற்கையாக வளைந்த மரத்திலிருந்துதான் வெட்டுவோம். முதல் பனி விழுந்ததும், விலாவின் வளைவை வெட்டிய அச்சுப் பலகையோடு காட்டுக்குப் போய், அந்த வளைவுக்கு ஏற்ற மரமாகத் தேட வேண்டும். அதற்குள் வடிவம் முடிவாகியிருக்க வேண்டும்.

துறையில் அப்போது இரண்டு கட்சி. உருண்டை அடிதான் படகு, மற்றதெல்லாம் மாவு பிசையும் தொட்டி என்பார் சால் பெரியப்பா. தட்டையாக, அகலமாக இருந்தால்தான் கடலில் மேசை போல நிற்கும் என்பது என் கட்சி. என் படகும் அப்படித்தான் இருந்தது. நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஹெட்லி இரண்டு கட்சியையும் நம்பாமல் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் வலை தொடமாட்டார்கள். படகுகள் எல்லாம் சும்மா கிடக்கும். ஆனால் படகேறி உறவுக்காரர்களைப் பார்க்கப் போனால் பாவமில்லை. வளைகுடாவுக்கு அக்கரையில், ஒரு மணி நேரத் தொலைவில், எஃபியின் அக்கா ட்ருசில்லா இருந்தாள். எனவே ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் முடிந்ததும், "எம் படகு ஒழுகுது" என்று சொல்லி ஒருவரிடம் படகை இரவல் வாங்குவான். பெண்டாட்டியை நடுப்பலகையில் உட்காரவைத்து, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவான். எத்தனையாவது நிமிஷத்தில் அவள் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டுகிறாள் என்று தொப்பியின் உள்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வான்.

பெரியப்பா படகில் முப்பத்தொரு நிமிஷம். பக்கத்து வீட்டு ரூபன் படகில் இருபத்திரண்டு. என் படகில் ஒன்பது! ஒவ்வொரு அலைக்கும் வெடுக் வெடுக்கென்று நிமிர்கிறதாம்; உருண்டைப் படகாவது நிதானமாகச் சாய்ந்து நிதானமாக எழுகிறதாம். அன்று அவள் வயிறு சரியில்லாமல் இருந்திருக்கும். எப்படியானாலும், எந்தப் படகிலும் அவள் ஒரு மணி நேரம் தாங்கவில்லை.

இந்தச் சோதனை எதுவும் எங்களுக்குத் தெரியாது. ட்ருசில்லாவுக்கும் தெரியாது. அவள் கண்டதெல்லாம், நாற்பத்து நான்கு வயதுத் தங்கை ஐந்து ஞாயிறு தொடர்ந்து வந்து, தன் முட்டைக்கோஸ் பாத்தியில் வாந்தி எடுத்துவிட்டு, ஊறுகாய் போட்ட பீட்ரூட்டை ஒரு குவளை காலி செய்ததுதான். ஐந்தாம் ஞாயிறு மாலைக்குள் விஷயம் எங்கள் துறைக்கு வந்துவிட்டது. என் மனைவி பிளான்ச் மஞ்சள் நூல் எடுத்துக் குட்டித் தொப்பி பின்ன ஆரம்பித்தாள்.

எஃபி வீட்டுக்கு ஜாம் போயிற்று, வெல்லப்பாகு ரொட்டி போயிற்று, முட்டை போயிற்று. ஹெட்லி பதறினான். "ஊரே தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கு. உண்மையச் சொல்லிரு எஃபி."

"சும்மா இருய்யா. இத்தன வருஷத்துல ஒருத்தி எனக்கு ஒரு முட்டை குடுத்ததில்ல. பனி விழற வரைக்கும் போகட்டும்."

அக்டோபரின் கடைசி ஞாயிறு. காற்றில் பனி வாடை வந்துவிட்டது. பெரியப்பா படகையே மறுபடி இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கரைக்குப் போகும்போது எஃபி வழக்கம்போல விளிம்புக்கு வெளியே தலையை நீட்டினாள். திரும்பும்போது, படகு தண்ணீரை எப்படிக் கிழிக்கிறது என்பதைத் தான் புதிதாகச் செதுக்கிய பன்னிரண்டாவது கட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டான் ஹெட்லி. "இதக் கொஞ்சம் புடி" என்று சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டு நடுப்பலகைக்குப் போனான். கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டையையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தான்.

பன்னிரண்டு வயதிலிருந்து அவன் சுக்கான் பிடிக்காமல் படகில் உட்கார்ந்ததே இல்லை. அவனுக்கே அது அன்றுதான் தெரிந்தது. கால் மணி நேரத்தில் கட்டை ஒரு பக்கம் உருண்டது. ஹெட்லி மறுபக்கம் தலையை நீட்டினான்.

எஃபி அலையைப் பார்த்து, அதற்கேற்ப சுக்கானை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தாள். எங்கள் துறை கண்ணில் பட்டபோதுதான் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனித்தாள். போதாததற்கு, பசி வேறு.

ஞாயிறு என்பதால் படகுத்துறையில் ஊரே நின்றது. பிளான்ச் மஞ்சள் தொப்பியோடு நின்றாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு எஃபி படகை ஓட்டி வருகிறாள். படகுக்குள் ஹெட்லி மூட்டையாகக் கிடக்கிறான்.

"அடேய் ஹெட்லி!" என்று பெரியப்பா கத்தினார். "அப்ப முழுகாம இருக்கறது நீயாடா?"

ஊர் சிரித்து ஓயவே வெகுநேரம் பிடித்தது. எஃபி படகைக் கட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்: தொப்பிக் கணக்கு, முட்டைக்கோஸ் பாத்தி, என்னுடைய ஒன்பது நிமிஷம் உட்பட. பிறகு ஊர் பார்க்கப் புருஷனிடம் திரும்பினாள்.

"இந்தா பாருய்யா. சுக்கான் எங்கையில இருந்தா எனக்கு ஒண்ணும் செய்யல. நான் ஓட்டறேன், நீ வலைய இழு. சம்மதமா, இல்ல டொரொன்டோவா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கரையில் பெண்டாட்டியிடம் சுக்கானைக் கொடுத்த ஆண்பிள்ளை அன்றுவரை ஒருவனும் இல்லை. இந்த ஒன்றை வைத்தே அவனைப் பேரப்பிள்ளை காலம்வரை கேலி செய்வோம் என்று அவனுக்குத் தெரியும். நாங்களும் தயாராகத்தான் நின்றோம்.

"சம்மதம்" என்றான் ஹெட்லி. வாயைத் துடைத்துக்கொண்டு, "நீயே ஓட்டு" என்றான்.

முதல் பனியில் இருவருமாகக் காட்டுக்குப் போனார்கள். உருண்டை அடிக்குத்தான் மரம் வெட்டினார்கள். அதில்தான் ஹெட்லிக்கு வயிறு அதிகம் புரளாது என்று எஃபி முடிவு செய்துவிட்டாளாம்.

புதுப் படகு தண்ணீரில் இறங்கிய அடுத்த வசந்தத்திலிருந்து தினமும் என் படகைத் தாண்டித்தான் போகிறார்கள். கேலி செய்யப் பலமுறை வாயைத் திறந்திருக்கிறேன். கடல் கொஞ்சம் மோசமான நாளில் ஹெட்லி வலையை விட்டுவிட்டு விளிம்புக்கு வெளியே தலையை நீட்டுவான். எஃபி இன்ஜினைக் குறைத்துவிட்டு, அவன் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. திறந்த வாயை மூடிக்கொண்டு என் வலையை இழுக்கிறேன்.