ஊசிக்கு ஓர் இடம்

மின்சார அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருப்பவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அலுவலகத்தில், கூடைப்பந்து கோர்ட்டில், ஏன், வீட்டில் புருஷன்கூட அவளைக் கோந்து என்றுதான் கூப்பிடுகிறான். கூடைப்பந்து ஆட்டத்தில் எதிரணியில் ஒருத்தியைக் காட்டி "இவளைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டால் போதும், ஆட்டம் முடிகிற வரைக்கும் அவளோடு ஒட்டிக்கொண்டே இருப்பாள். அந்தப் பெண் தண்ணீர் குடிக்கப் போனால்கூட இவளும் பின்னால் போவாள் என்று கேலி பேசுவார்கள். ஒரு தடவை போனதும் உண்டு.

கோந்துக்குக் கூடையில் பந்து போடத் தெரியாது என்று சொன்னால் அது கொஞ்சம் அநியாயம். போடுவாள், எப்போதாவது, கூடைக்கே அவள்மேல் இரக்கம் வந்தால். அவளை மின்சார அலுவலகத்து அணியில் வைத்திருந்தது அதற்காக இல்லை. குடிநீர் வாரிய அணியில் ஊசி என்று ஒருத்தி இருந்தாள். எங்கே இடுக்கு இருந்தாலும் நுழைந்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். வாரியம் எடுக்கும் பாயிண்டில் பாதிக்கு மேல் அவளுடையது. அந்த ஊசியைப் பிடித்து வைக்கத்தான் கோந்து. எட்டு வருஷமாக, இரண்டு அணியும் எங்கே மோதினாலும், ஊசியின் முதுகில் கோந்தின் கை இருக்கும்.

காலையிலிருந்து கண்ணாடியில் இருக்கும் வட்ட ஓட்டை வழியாக ஊரே குனிந்து குனிந்து அவளைத் திட்டும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு பில் வந்திருக்கும், ஆள் இருக்கிற வீட்டில் கரண்ட் இருக்காது. கரண்டைக் கோந்துதான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்கிற மாதிரி பேசுவார்கள். ஆனால் அணியில் இருப்பவர்களை நாலு மணிக்குப் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். நாலிலிருந்து ஆறு வரை யாரும் அவளிடம் எதுவும் கேட்க முடியாது. பில் இல்லை, அடுப்பு இல்லை, மகளின் வீட்டுப்பாடம் இல்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முப்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு அப்படி இரண்டு மணி நேரம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? அவள் அதை உயிராக வைத்திருந்தாள்.

ஒரு நாள் மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மனிதர் உண்மையில் தலைமைக் கணக்கர். அணிக்கு யாராவது பொறுப்பாக இருக்க வேண்டுமே என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவரும் இப்போது மனைவியைவிட அணியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்.

"வாங்கம்மா கோந்து, உட்காருங்க. குடிநீர் வாரியத்துல டீமைக் கலைக்கிறாங்க, தெரியுமா?"

"எதுக்கு சார்?"

"புது அதிகாரி வந்திருக்காரு. கோர்ட் இருக்கிற இடத்துல தண்ணி லாரியை நிறுத்தப் போறாராம். ஊசி வெளியே வர்றா. நம்ம ஆபீஸ்ல ஒரு வேலை காலியா இருக்கு, கொடுத்துடலாம். ஆனா நம்ம டீமுக்கு ஒத்துவருவாளா? உங்களைவிட அவளைத் தெரிஞ்சவங்க யாரு? ஒரு வாரம் டைம் எடுத்துக்கோங்க. நீங்க சொல்றதுதான்."

கோந்துக்கு உச்சி குளிர்ந்தது. நம்மைப் போய்க் கேட்கிறாரே என்று பெருமையோடு எழுந்து, கதவு வரைக்கும் வந்தாள். கதவில் கை வைத்தபோதுதான் உறைத்தது. அணியில் பன்னிரண்டு பேருக்கு மேல் பதிய முடியாது. ஊசி வந்தால் ஒருத்தி போக வேண்டும். ஊசியைப் பிடிப்பதற்கென்றே ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். அந்த ஊசியே இந்தப் பக்கம் வந்துவிட்டால் பிடிப்பவள் எதற்கு?

வீட்டில் சொன்னாள். புருஷன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் ஒரு கிண்டல் அடித்துவிட்டுத்தான் யோசிப்பான்.

"உன்னை அனுப்பறதுக்கு உன்கிட்டயே சிபாரிசு கேட்கிறாரா? கெட்டிக்கார ஆளுதான்."

"அவரு அப்படி நினைச்சுக் கேட்கலைங்க. அவருக்கு அது தோணவே இல்லை."

"அப்போ அவ ஒத்துவர மாட்டான்னு சொல்லிடு. நீதான் தினமும் சொல்லுவியே, அவ யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டா, சிரிக்க மாட்டா, எல்லாம் தனக்குத்தான்னு. பொய் ஒண்ணும் இல்லையே."

பொய் இல்லைதான். எட்டு வருஷமாக அவள் கண்ணால் பார்த்தது அது. பந்து கைக்கு வந்தால் ஊசி உதட்டை இறுக்கிக்கொள்வாள், தோளைத் தூக்கிக்கொள்வாள், பக்கத்தில் நிற்கும் தோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எப்படியாவது எறிந்துவிடுவாள். சுயநலக்காரி என்று கோந்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் ஒரு வாரம் டைம் கொடுத்திருக்கிறார் மனிதர். போய்ப் பார்க்காமலே சொன்னால் நன்றாக இருக்காது. பார்த்துவிட்டு அதையேதானே சொல்லப் போகிறோம் என்று சனிக்கிழமை கிளம்பினாள்.

வாரியத்தின் கோர்ட் லாரிகள் நிற்கும் பெரிய முற்றத்தை ஒட்டியிருந்தது. கோந்து ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். லாரி ஒழுகிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெண்களோடு பயிற்சி ஆட்டம் நடந்தது. ஊசியைத் தடுக்க நின்ற கல்லூரிப் பெண் அவளுக்குப் பயந்து நாலடி தள்ளியே நின்றாள்.

ஊசி பந்தை வாங்கினாள். நிமிர்ந்தாள். இடது பக்கம் ஓடியவளுக்குக் கொடுத்தாள்.

கோந்து நம்பவில்லை. ஏதோ கை தவறிப் போய்விட்டது என்று நினைத்தாள். அடுத்த தடவையும் ஊசி கொடுத்தாள். அதற்கடுத்த தடவை, "நீ போடு, நீ போடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே கொடுத்தாள். அந்தத் தோழி கோட்டைவிட்டபோது ஓடிப் போய் முதுகில் தட்டிவிட்டுச் சிரித்தாள். ஊசிக்குப் பல் இருப்பதையே கோந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். நடிக்கிறாளோ, நாம் நிற்பது தெரிந்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. லாரிக்குப் பின்னால் இன்னும் தள்ளி நின்றாள். செருப்பு நனைந்தது.

இடைவேளைக்குப் பிறகு கல்லூரிக்காரர்கள் ஆளை மாற்றினார்கள். வந்தவள் உரமான பெண், பயமில்லாதவள். ஊசியோடு ஒட்டிக்கொண்டு, முதுகில் கையை வைத்தாள். வைத்த உடனே ஊசியின் உதடு இறுகியது. தோள் மேலே ஏறியது. பந்து வந்ததும் யாரையும் பார்க்காமல், கால் தரையில் ஊன்றாமலே எறிந்தாள்.

எட்டு வருஷமாகத் தெரிந்த முகம் அதுதான். கோந்து லாரியில் சாய்ந்துகொண்டு நின்றாள். முதுகில் கை வைத்தால் வருகிற முகம் அது, கையை எடுத்தால் போய்விடுகிறது. இவள் ஊசியைப் பார்த்த நேரமெல்லாம் இவள் கை ஊசியின் முதுகில்தான் இருந்தது. பிறகு எங்கே அவளைப் பார்த்தாள்? தான் செய்துவைத்த கோலத்தைப் பார்த்துவிட்டு, சுயநலக்காரி என்று பெயர் வைத்து ஊரெல்லாம் பரப்பியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கவுண்டரில் ஓட்டை வழியாக அவளைப் பார்க்கிறவர்களும் இவள் ஒரு சிடுமூஞ்சி என்றுதான் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நழுவிவிடலாம் என்று திரும்பினால், குழாயடியில் ஊசி முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். எட்டு வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை. "நீங்களா? இங்கே எங்கே?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்."

"லாரிக்குப் பின்னாடியா?"

ஊசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்க மேனேஜர் என்னை வர்றியான்னு கேட்டிருக்காரு. தெரியும்ல? சொன்னதும் எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? அப்பாடா, இனிமே அந்தக் கை இல்லைன்னு. எங்கம்மா உங்களைப் பார்த்ததே இல்லை, ஆனா ஒவ்வொரு மேட்சுக்கு அப்புறமும் என் கையில உங்க விரல் பதிஞ்சதைப் பார்த்துட்டுக் கரிச்சுக் கொட்டுவாங்க."

"அம்மாகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லு."

"அட, விடுங்கக்கா. அப்புறம்தான் யோசிச்சேன். நீங்க என் பக்கம் இருந்தா எப்படி இருக்கும்? எவ வந்தாலும் நீங்க பார்த்துப்பீங்க. நான் நிம்மதியா ஆடலாம். வேற ரெண்டு இடத்துல கூப்பிட்டாங்க. உங்களுக்காகத்தான் இங்கே வரலாம்னு இருக்கேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ வந்தால் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருப்பாள், யார்மேலும் குற்றமில்லை. கோந்துக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டு, "நல்லா ஆடறே நீ" என்றாள். பஸ்ஸில் வரும்போது, ஏன் அதைச் சொல்லவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவு செய்துவைத்திருந்தார்.

"சரிப்படாதுன்னுதானே சொல்லப் போறீங்க? நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, பாஸ் பண்ணாதவ, தனியாவர்த்தனம் பண்றவன்னு. எனக்கும் அதுதான் யோசனை. இருக்கிற டீமைக் கெடுத்துக்கக் கூடாது பாருங்க."

கோந்து தலையை ஆட்டினால் போதும். ஆட்டக்கூட வேண்டாம், பேசாமல் உட்கார்ந்திருந்தாலே காரியம் முடிந்துவிடும். நாலு மணிக்கு எழுந்து போகலாம், இன்னும் ஓரிரண்டு வருஷத்துக்காவது. அவள் தலைக்குமேல் இருந்த மின்விசிறியைப் பார்த்தாள். மின்சார அலுவலகத்து விசிறி, அதுவும் சரியாகச் சுற்றவில்லை.

"நான் சொன்னது தப்பு சார்."

"என்னம்மா?"

"அவ பாஸ் பண்ணுவா. நல்லா பண்ணுவா. கூட இருக்கிறவங்களையும் ஆட வைப்பா. நான் கிட்டயே நின்னதால அவளுக்குப் பண்ண முடியலை. நான் அதை அவ குணம்னு நினைச்சுட்டேன். எடுத்துக்கோங்க சார். விட்டா வேற யாராவது எடுத்துடுவாங்க."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தோஷம் முகத்தில் வழிந்தது. பிறகு பென்சிலை எடுத்து மேஜையில் தட்டினார். "அப்போ ஒரு இடம் காலி பண்ணணும்" என்று இழுத்தார். "இத்தனை நாளா நீங்கதான் ஊசியைப் பார்த்துக்கிட்டீங்க..."

"இனிமே பார்த்துக்க வேண்டியதில்லை சார்."

அதெப்படிம்மா, நீங்கள் இல்லாமல் அணியா என்று ஒரு பேச்சுக்காவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சொல்லியிருந்தாலும் அவள் ஒப்புக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் சொல்ல வேண்டாமா? மனிதர் "சரிம்மா" என்றார். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டார். கோந்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"கஷ்டமா இருக்கா?"

"ரொம்ப கஷ்டமா இருக்குங்க."

அவன் தட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். அதற்குமேல் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஊசி சேர்ந்த பிறகு விஷயம் தெரிந்து கவுண்டருக்கு வந்தாள். ஓட்டைக்கு வெளியே குனிந்து, "ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டாள். "பின்னாடி ஆள் நிக்கிறாங்க பாரு" என்றாள் கோந்து. நாலு மணிக்கு அணிப் பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அவள் குனிந்து எதையாவது தேடுவாள். தேட அங்கே எதுவும் இருக்காது.

வங்கி அணியோடு முதல் ஆட்டம். மகள் நச்சரித்ததால் கோந்து போனாள், மகளோடு படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்தாள். ஊசி அருமையாக ஆடினாள். மின்சார அலுவலகத்துப் பெண்கள் இதுவரை வாங்காத கைதட்டலெல்லாம் வாங்கினார்கள். கோந்துக்குத் தான் சொன்னது சரியாகப் போனதில் பெருமைதான். இடையிடையே கண் தன் பழைய இடத்தைத் தேடியது, அதுவும் உண்மைதான்.

பின்பாதியில் வங்கிக்காரர்கள் ஒரு சின்னப் பெண்ணை இறக்கி ஊசியைத் தடுக்கச் சொன்னார்கள். அது பாவம், ஊசியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது. ஊசி கண்ணால் ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. கோந்தின் கால் தானாக ஆட ஆரம்பித்தது. மூன்றாவது தடவை அவள் எழுந்து நின்றுவிட்டாள். நிற்பது அவளுக்கே தெரியவில்லை.

"கண்ணைப் பார்க்காதேடி, இடுப்பைப் பாரு!"

கவுண்டரில் ஊரையே சமாளிக்கிற குரல், அரங்கம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் பார்வையைக் கீழே இறக்கியது. ஊசி திரும்பிய பக்கமே திரும்பியது. பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடி, எதிர்க்கூடையில் போட்டும்விட்டது.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து அண்ணாந்து பார்த்தார். அணி மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. வெறுங்கையோடு நின்ற ஊசி படிக்கட்டு வரிசையில் தேடி, கோந்தைக் கண்டுபிடித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

மகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உட்காரும்மா. நீ யார் பக்கம்?"

"எனக்கே தெரியலைடி" என்று கோந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த தடவை பந்து ஊசியின் கைக்குப் போனபோது அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.